திரையில் மிஞ்சிய பொத்தான்

காலை 5.40. அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, படம் இல்லாத டிவியின் கீழ் விளிம்பில் எரிந்த சிவப்புப் புள்ளி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து மாமா தூங்கிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் மாலைதான் அக்காவைக் காரிமங்கலத்தில் அடக்கம் செய்திருந்தோம்.

அக்காவுக்கு வந்தது தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய். கால்கள் முதலில் போயின, பிறகு இடது கை. வலது கை விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தபோது ஒருநாள் சொன்னாள்:

"தண்ணி கேக்கக் கூசலடா. ஃபேன ஏத்துங்க, கொறைங்கன்னு நாள் பூரா கத்தறதுதான் அசிங்கமா இருக்குது."

என்னிடம் ஒரு பழைய கணினி சும்மா கிடந்தது. அதில் சிறிய அகச்சிவப்புக் கருவி ஒன்றைப் பொருத்திக் கட்டில் அருகே வைத்தேன். வீட்டிலிருந்த ஃபேன், விளக்கு, டிவி ரிமோட்டுகளை அதன் முன் நீட்டி ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன், கணினி பதிந்துகொண்டது. அதன்பின் திரையில் உள்ள பொத்தானை மவுஸால் அழுத்தினால் போதும். ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் அவள் சொன்னபடி கேட்டன.

முதல் சில வாரங்கள் வீட்டை ஆட்டிவைத்தாள். மாமா அதியமான்கோட்டையில் ஒரு டயர் கடையில் வேலை பார்ப்பவர். வந்ததும் கிரிக்கெட் போடுவார். அவள் படுத்தபடியே சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றுவாள்.

"ஏன் மாப்ள, உங்கக்கா கையில ஆட்சியக் குடுத்துட்டியே, நான் எங்க போறது?"

"கடைக்கே போங்க. அங்க டயராவது நீங்க சொல்றதக் கேக்கும்" என்றாள் அக்கா.

பிறகு விரல் தடுமாறத் தொடங்கியது. ஃபேனுக்குப் போன மவுஸ் அம்பு விளக்கில் விழுந்து, வீடு இருண்டது. பொத்தான்களைக் குறைத்துப் பெரிதாக்கினேன். ஆறு, அப்புறம் நான்கு. மாசி முடியும்போது ஒரு விரலால் அழுத்த மட்டுமே முடிந்தது. அம்பை நகர்த்த முடியவில்லை. திரை முழுவதும் ஒரே பொத்தான்தான் வைக்க முடியும் என்று சொன்னேன். அவள் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது.

"டிவி ஆஃப்" என்றாள்.

"ஃபேன் வேணாமாக்கா? வெயில் வருது."

"ஃபேன யாராச்சும் போடுவீங்க. இவரு டிவி ஓட ஓடத் தூங்கிடுவாரு. கல்யாணம் ஆனதுல இருந்து நாந்தான் நிறுத்தறேன்."

"நான் எங்க தூங்கறேன்? கண்ண மூடிக் கேட்டுட்டு இருக்கறேன்" என்றார் மாமா.

"கொறட்ட வுட்டுக்கிட்டா?"

அன்று முதல் அவளுக்கு அது ஒன்றுதான் வேலை. மாமாவின் தலை சாயும் வரை காத்திருப்பாள். பிறகு விரலால் அழுத்த முயல்வாள். அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பது கணினிக்குத் தெரியாது. டிவி பதில் சொல்லாது. படம் மறைகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் வெகுநேரமாகியும் செய்தி வாசிப்பு நிற்கவில்லை. நான் எழுந்து ரிமோட்டை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வானிலை வரை வந்தபிறகு படம் மறைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசி வாரம் விரல் அசையவில்லை. அந்த வாரம் மாமா டிவியே போடவில்லை.

அடக்கம் முடிந்த இரவு, எல்லோரும் போனபின் டிவியைப் போட்டிருக்கிறார். நான் காலையில் உள்ளே வந்த சத்தத்தில் விழித்தார். டிவியைப் பார்த்தார். பிறகு கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ நிறுத்துனியா மாப்ள?"

"இல்லைங்க மாமா, இப்பத்தான் வந்தேன்."

கணினி இருந்த மூலைக்குத் திரும்பினார். செபத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று அதன் வயரை நேற்றே பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தோம்.

நான்கு மணி நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அந்த டிவி தானாகவே நின்றுவிடும்.