நான் கட்டிய மூட்டை

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. காலை 4.50க்கு விழித்தேன். வேலை நாட்களிலும் அதே நேரம்தான். முகம் கழுவி, தேநீர் குடித்து, முந்தைய நாளுக்கான நாட்குறிப்பை எழுதி முடித்தபோது 5.25. இடம் மட்டும்தான் வேறு. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை அல்ல அது. ஒஸ்லோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் போனால், ஏரிக்கரைச் சரிவில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு சொகுசு ஹோட்டல். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காகப் பிள்ளைகள் இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்து தந்திருந்தார்கள்.

நான் ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்பவள். பத்தொன்பது வருடங்களாக மற்றவர்களுக்குப் படுக்கை விரிக்கிறேன். ஹோட்டல் கட்டிலில் நானே படுத்தது அதுதான் முதல் தடவை.

ஏழு மணிக்குக் கணவர் குளிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் கட்டிலில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். தலையணை உறைகளைப் போர்வை உறைக்குள் திணித்து, அதை விரிப்பில் வைத்து, நான்கு மூலைகளையும் இழுத்து முடிந்து கதவடியில் வைத்தேன். பாவித்த துவாய்கள் பக்கத்தில். குப்பைப் பையும் கட்டியாயிற்று.

"இஞ்சரும், நீர் இஞ்சை வேலைக்கே வந்தனீர்?" என்று கேட்டார் கணவர், துவாயால் தலையைத் துவட்டியபடி.

"ஆரோ ஒரு பொம்பிளை வந்து எங்கடை ஊத்தையை எடுக்கப்போகுதப்பா. எனக்குக் கூச்சமாக் கிடக்கு."

"அப்ப ஜன்னலையும் துடைச்சு விடுமன்."

ஜன்னலை ஏற்கெனவே துடைத்திருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

10.30க்குத் தோட்டம் காட்ட அழைத்துப் போனார்கள். நோர்வேயில் திராட்சை விளையும் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. பறவைகள் கொத்தாமல் வலை போட்ட வரிசைகள், சின்னச் சின்னப் பச்சைப் பழங்கள். கடைசியில் எல்லோருக்கும் வைன் கொடுத்தார்கள். கணவர் மற்றவர்களைப் பார்த்துக் கிண்ணத்தைச் சுழற்றி, மூக்கருகே பிடித்து, பெரிய நிபுணர்போலத் தலையாட்டினார். நான் சிரித்துக்கொண்டே கழுத்தில் கை வைத்தேன். தாலிக்கொடி இல்லை. நேரம் 11.40.

வேலைக்கு மெல்லிய சங்கிலிதான் போடுவேன். திருமண நாள் என்பதால் முந்தைய நாள் கொடியை அணிந்திருந்தேன். படுக்கும்போது குத்தியது. கழற்றித் தலையணை உறைக்குள் செருகி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அறைக்கு ஓடினோம். கட்டிலில் புது விரிப்பு. மூட்டையைக் காணவில்லை.

"வாரும், ரிசெப்சனிலை சொல்லுவம்."

"வேண்டாம். சொன்னா, இந்த அறையைச் செய்தது ஆரெண்டுதான் முதல்லை கேப்பினம்."

அவருக்கு விளங்கியது. பல வருடங்களுக்கு முன், நான் துப்புரவு செய்த அறையில் ஒரு பெண்ணின் மோதிரம் காணாமல் போனது. என்னை ஒரு கதிரையில் இருத்தி இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். மோதிரம் அந்தப் பெண்ணின் ஒப்பனைப் பைக்குள்ளேயே இருந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் நாட்குறிப்புகளில் வெறுமையாக இருக்கும் ஒரே பக்கம் அன்றையதுதான்.

பின்படிகளால் இறங்கினேன். அழுக்குத் துணிகளை எங்கே வைப்பார்கள் என்று எனக்கா தெரியாது? அங்கே போலந்துக்காரி ஒருத்தி, ஏறக்குறைய என் வயது, சாக்குகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்குச் சலவை லொறி வந்துவிடும். எங்கள் அறை எண்ணைச் சொல்லி, நகையைக் காணவில்லை என்று நோர்வேஜிய மொழியில் சொன்னதும், அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். நான் கேட்காமலே. அந்த அசைவை எனக்கு நன்றாகத் தெரியும்.

"பிழை என்னுடையது. கட்டிலைக் கழற்றினது நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மூட்டையைக் கட்டினது நீங்களா? விருந்தினர் படுத்த துணியை நான் எப்போதும் உதறிப் பார்ப்பேன். இதை எங்கள் ஆட்களில் ஒருத்தி உதறிப் பார்த்துக் கட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அப்படியே சாக்கில் போட்டுவிட்டேன்."

கொடியைத் தொலைத்தது என் ஒழுங்குதான்.

மொத்தம் ஏழு சாக்குகள். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கணவர் வாசலில் நின்று லொறி வருகிறதா என்று பார்த்தார். ஐந்தாவது சாக்கில் என் முடிச்சைக் கண்டேன். கொடி ஒரு தலையணை உறையின் மூலையில் சுருண்டு கிடந்தது. 12.20.

அவசரத்தில் என்னால் கொக்கியைப் பூட்ட முடியவில்லை. கணவர் வந்து வாங்கினார்.

"இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகும் என்னையே கட்டச் சொல்லுறீர். ஐயரையும் காணேல்லை."

"கதையாமல் பூட்டுங்கோ."

ஈரத் துவாய்களுக்கு நடுவே நின்று அவர் பூட்டினார். என்ன சடங்கு என்று தெரியாமலே அவள் கை தட்டினாள். பிறகு என் தோளைத் தொட்டு, "நாளைக்குக் கட்டிலைத் தொடாதீர்கள். அது என் வேலை" என்றாள்.

ஞாயிறு காலை 4.50க்கு விழித்ததும் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்கு, கசங்கிய விரிப்பையும் குழிந்த தலையணைகளையும் அப்படியே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன். சுலபமாக இருக்கவில்லை. ஆனால் அவள் வந்து தன் கையால் உதறிப் பார்க்கட்டும் என்று அந்த ஒரு கட்டிலை விட்டுவைத்தது, இத்தனை வருடங்களில் என் தொழிலுக்கு நான் செய்த மரியாதையாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது.