வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த கார்

துருப்பிடித்த காரைச் சரிசெய்யும் வேலையில் இறங்கியவனுக்கு முதலில் தெரியவருவது, சுரண்டச் சுரண்டக் கார்தான் குறைகிறது, துரு குறைவதில்லை என்பது. வாசலில் ஒரு பழைய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, வருவோர் போவோரிடமெல்லாம் "அடுத்த மாசம் முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். என் இலையில் விழுந்தது உங்கள் இலையிலும் விழ வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் டொராண்டோவில் ஒரு துணி இறக்குமதிக் கம்பெனியில் இருந்தவன். நம்மூரிலிருந்து போகும் பனியன்களைப் பிரித்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ஐம்பதைத் தொடுவதற்குள் போதும் என்று தோன்றிவிட்டது. திருப்பூர் ராயபுரத்து வீட்டுக்கே திரும்பினேன். வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

கீழே தரைதான்

காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லின் கொட்டகையில் அந்த அம்பாசிடர் கிடந்தது. அதன் தலையில் கொப்பரைச் சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். "பனி விழும் நாடுகளில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அங்கே கார்கள் பிடிக்கும் துருவை நான் பார்த்திருக்கிறேன், இதெல்லாம் ஒரு துருவா" என்று மில்காரரிடம் பேசிக்கொண்டே போனேன். அவர் நடுநடுவே "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை நான் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தேன். கிளட்ச் அசையவில்லை. இன்னொரு காலை ஊன்றி அழுத்தியதில் ஊன்றிய கால் தகட்டைப் பொத்துக்கொண்டு செருப்போடு கீழே போய்விட்டது. கணுக்காலில் தகரம் வளையல் போலக் கவ்விக்கொண்டது. இழுக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மில்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க, கீழ தரைதானுங்க இருக்குது, வேற ஒன்னும் இல்லீங்க."

பிரிப்பவரும் எடுப்பவரும்

கார் லாரியேறி வந்து சேர்ந்ததும் பிரிக்க ஆரம்பித்தேன். கதவு, பானெட், டிக்கி, சீட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்தேன். திருப்பிப் பூட்டும்போது எது எங்கே என்று தெரிய வேண்டுமே என்று செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன். மட்கார்டிலிருந்து அப்பளம் போல உடைந்து விழுந்த துருத் துண்டுகளைக்கூட ஒரு தட்டில் கூட்டி வைத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று சக்கர வண்டியில் பழைய இரும்பு எடுக்கும் ஒரு பெரியவர் எங்கள் தெருவுக்கு அடிக்கடி வருவார். ஒருநாள் வண்டியை நிறுத்தி, நான் வியர்க்க விறுவிறுக்க ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். "நீங்களே பிரிச்சு வெச்சுட்டா நமக்கு வேலை மிச்சமுங்க. முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க, வந்து எடுத்துக்கறேன்."

போர் தண்ணீர்

செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் கார் சரிசெய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். அவர் பெயிண்டை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் தகட்டைப் பளபளவென்று கழுவிக் காட்டினார். நானும் பாடுபட்டுப் பெயிண்டை எடுத்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ட்யூப் போட்டுப் போர் தண்ணீரில் குளிப்பாட்டினேன். சாயப்பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் தெருப் போர் தண்ணீர் எப்படி என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: அதில் சோப்பு நுரைக்காது.

மறுநாள் காலையில் பார்த்தால், கார் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிய கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அத்தனையும் புதுத் துரு. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். காபியோடு வந்த என் மனைவி சுமதி காரையும் பார்த்தாள், ட்யூபையும் பார்த்தாள். "ஏனுங்க, அந்தத் தண்ணில நான் உங்க சட்டையவே அலசறதில்லீங்க."

என் தீர்ப்பு

இதுவரை சொன்னதெல்லாம் என்னோடு போகிற வெட்கம். இனிமேல் சொல்வது அப்படியல்ல.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயராணி அக்காவின் யூனிட். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பல கம்பெனிகளில் செக்கிங் பார்த்து, இப்போது தகரக் கூரைக்குக் கீழே சொந்தமாக மேஜைகள் போட்டிருக்கிறார். ஒரு கம்பெனியிலிருந்து குழந்தைகளுக்கான வெள்ளை பனியன் வரும். பெண்கள் செக்கிங் பார்ப்பார்கள், செல்வம் என்கிற அயர்ன் மாஸ்டர் ஸ்டீமில் தேய்ப்பார், மடித்துப் பெட்டி கட்டுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான், போர் தண்ணீர் செய்த பாவத்தைப் போக்க, கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் பகலெல்லாம் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. திருப்பூரில் சத்தத்தை யார் சட்டை செய்கிறார்கள்?

அக்கா ஒருநாள் கையில் ஒரு குட்டிப் பனியனோடு வந்தார். செக்கிங்கில் சுத்தமாக இருக்கும் துணி, ஸ்டீம் பட்டதும் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி பூக்கிறதாம். கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வரும் கியூசி பையன் சத்தம்போட்டுவிட்டுப் போய்விட்டானாம். நான் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இந்த மாதிரிப் புள்ளிகளுக்காக மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியவன் நான். "துருக்கறைங்க அக்கா. அயர்ன் பெட்டி அடியில சுத்தமில்ல. தேய்க்கறவரு கவனிக்கறதில்ல" என்றேன். அதைச் சொல்லும்போது என் முழங்கை வரைக்கும் செங்கல் நிறத் தூள் அப்பியிருந்தது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "அண்ணாச்சி பாக்காத துணியா? செல்வத்த நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிருதேன்."

பனங்கிழங்கு

செல்வம் சும்மா போய்விடவில்லை. மறுநாள் வந்து, பெட்டியின் அடியை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து எல்லோருக்கும் காட்டினார் போலிருக்கிறது. "பாருங்க, கறை இருக்குதா பாருங்க" என்ற குரல் சுவரைத் தாண்டி வந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாரம் எனக்குக் காரில் பட்டி பார்க்கிற வேலை. பள்ளத்தில் பட்டி அப்பி, காயவிட்டு, ஈரம் தொட்டுக் கையாலேயே உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். கிரைண்டர் மூலையில் கிடந்தது.

அந்த வாரம் அக்காவே தேய்த்தார். ஒரு புள்ளி வரவில்லை. ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கை வேகவைத்து, தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் நாரை உரித்துத் தின்றேன், ருசியாகவே இருந்தது. "ஒங்க கண்ணு கண்ணுதான் அண்ணாச்சி. ஆளு போனாரு, புள்ளியும் போச்சி."

என் பனியன்

பட்டி முடிந்ததும் அடிப்பாகத்துக்குக் கிரைண்டரை எடுத்தேன். ரெண்டு நாளில் அக்காவின் துணியில் மறுபடியும் புள்ளி. "செல்வம் வச்சிருந்த பெட்டிதானே" என்று அக்கா சொன்னார். நான் "ஆமா, பெட்டியவே மாத்திருங்க" என்றேன். சுமதி பின்கட்டில், கிரைண்டர் பிடிக்கும்போது நான் போட்டிருந்த வெள்ளைப் பனியனை ஊறவைத்து எடுத்தவள், அதைக் கொடியில் போடாமல் என்னிடமே கொண்டுவந்து விரித்துப் பிடித்தாள். "ஏனுங்க, அக்கா ஊட்டுத் துணியில வந்த புள்ளி உங்க பனியன்லயும் வந்திருக்குதுங்க. இதையும் செல்வந்தான் தேச்சுக் குடுத்தாருங்களா?"

தட்டு மூடிய இடம்

டொராண்டோவில் புள்ளிக்குப் பின்னால் எனக்கு ஒரு கம்பெனியின் பெயர் மட்டும்தான் தெரியும். இங்கே அந்த இடத்தில் செல்வத்தை நிறுத்தி, வேலையை விட்டும் அனுப்பியாகிவிட்டது. நேரே போய் அக்காவிடம் சொன்னேன்: புள்ளி பெட்டியிலிருந்து வரவில்லை, என் காரிலிருந்து வருகிறது, இரும்புத்தூள் சுவர் தாண்டி வந்து துணியில் உட்கார்ந்து ஸ்டீமில் பூக்கிறது. அவர் நம்பவில்லை! "ஒரு ஆளு பொழப்பு போச்சேன்னு பழிய ஒங்க மேல போட்டுக்கிடுதிய. ஒங்க மனசு எனக்குத் தெரியாதா?" என்று கண் கலங்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த பாராட்டு அது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயம் பார்த்து கியூசி பையன், புள்ளி விழுந்த லாட்டைத் திருப்பி எடுத்துப்போக வந்து நின்றான். செக்கிங் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். ஒரு வெள்ளைத் துணியைச் சுவர் மேல் விரித்து, நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தேன். இந்தப் பக்கம் வந்து மட்கார்டில் கிரைண்டரை ஓடவிட்டேன். பிறகு துணியைக் கொண்டுபோய் மேஜையில் போட்டு, அக்காவையே தேய்க்கச் சொன்னேன். போடும்போது துணியில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டீம் பட்டு, கொஞ்சம் காய்ந்ததும் சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பூத்தது. தட்டு மூடியிருந்த இடம் மட்டும் முழுநிலா மாதிரி வெள்ளையாக இருந்தது. பெண்களில் ஒருவர் "அய்யோ, செல்வம்" என்றார். அக்கா என்னைப் பார்க்காமல் அயர்ன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கியூசி பையன் என்னவோ எழுதத் தொடங்கியவன், பணிவாக நிமிர்ந்தான்: "சார், ரிப்போர்ட்ல ரூட் காஸ்னு, மூல காரணம் எழுத ஒரு இடம் இருக்குதுங்க. உங்க பேரையே போட்டுக்கலாங்களா?"

அருள்புரம்

செல்வம் அருள்புரத்தில் ஒரு யூனிட்டில் தினக்கூலிக்குத் தேய்ப்பதாகச் சொன்னார்கள். சுமதியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்தார், தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாரு முன்னாடியும் சொன்னீங்களா சார்?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "செக்கிங் அக்காங்க இருந்தாங்களா?" இருந்தார்கள், துணியிலேயே காட்டினேன் என்றேன். அப்போதுதான் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"ஊட்டுல எம் பொண்ணு கேட்டுச்சுங்க, ஏப்பா நீ பொட்டிய நல்லாத் தொடைக்கறதில்லியான்னு." இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வெறும் தகவலாகத்தான் சொன்னார். அக்கா உங்களைக் கூட்டிவரச் சொன்னார், வாருங்கள் என்று கேட்டேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "வர்றனுங்க சார். ஆனா வெள்ளைத் துணி ஓடற வரைக்கும் அந்த கிரைண்டர் எங்கிட்டத்தான் இருக்கோணும்."

இன்றைய கலர்

இப்போது கிரைண்டர் செல்வத்தின் மேஜைக்குக் கீழே இருக்கிறது. கறுப்போ நேவி புளூவோ வரும் நாளில் அவரே சுவர் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். குழந்தைத் துணியில் கறுப்பு அபூர்வம் என்பதால் கார் இன்னும் கதவில்லாமல்தான் நிற்கிறது. அக்கா என்னோடு பேசுகிறார், ஆனால் துணியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. போன வாரம் பொறுக்க முடியாமல் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "செல்வம், இன்னைக்கு என்ன கலருங்க?" என்றேன். "ஆஃப் ஒயிட்டுங்க சார். அதுவும் வெள்ளைக்கு அண்ணன் தம்பிதானுங்க, உள்ள போயிப் படுங்க."

வீட்டில் வைத்துப் பழைய காரைச் சரிசெய்வது ஒழிந்த நேரத்து வேலைதான். அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் முழுநேர உத்தியோகம்.