கம்பளி அண்ணன் சொன்ன எண்கள்

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் அவருக்குக் கம்பளி அண்ணன் என்று பெயர். உறைபனி அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். வெளியே வந்ததும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். இவர் மட்டும் அதைக் கழற்றாமலே சாப்பிடுவார், கழற்றாமலே கையெழுத்துப் போடுவார், வெயில் மண்டையைப் பிளக்கும்போது அதோடேயே பேருந்து நிறுத்தம் வரை நடந்து, அங்கே போன பிறகு ஞாபகம் வந்து திரும்பி வருவார். லாரி டிரைவர் யாரோ வைத்த பெயர் அது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை.

நான் அங்கே வாசல் மேஜைக்காரி. உள்ளே போகிற மீன் பெட்டி, வெளியே போகிற பட்டாணிப் பெட்டி எல்லாம் என் கம்ப்யூட்டரில் பதிவாகாமல் நகர முடியாது. வேலை செய்கிறவர்களின் போன்களும் என் பொறுப்பு. அந்தக் குளிருக்குள் போனைக் கொண்டுபோனால் பேட்டரி படுத்துவிடும், சிக்னலும் கிடைக்காது. ஆகவே என் மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் நான் எடுத்துப் பேசி, சுவரில் இருக்கும் மணியை அழுத்தி ஆளை வெளியே வரவழைப்பேன்.

இந்தத் தட்டும் மணியும் முன்பு கிடையாது. போன்களை இரும்பு அலமாரியில் பூட்டிவைத்து, ஷிப்ட் முடிந்ததும்தான் திருப்பிக் கொடுப்பார்கள். கம்பளி அண்ணனின் மனைவி வீட்டில் மயங்கி விழுந்த அன்று அவருடைய போன் அந்த அலமாரிக்குள் அடித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. அடித்தது மகள். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அவளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், நீட்டிய காகிதங்களில் எல்லாம் அவளே கையெழுத்துப் போட்டாள். இவர் வேலை முடிந்து போனை வாங்கிப் பார்த்தபோது திரை முழுக்க அவள் அழைப்புகள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "ஒரு உசுரு போனாதான் சார் உங்களுக்கு ஒரு மணி வாங்கி மாட்டத் தோணுமா?" என்று மானேஜரிடம் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அழவில்லை. சில நாள் கழித்து வேலைக்கு வந்தார், கோட்டைப் போட்டார், உள்ளே போனார். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று அறிவில்லாமல் கேட்டேன். "மரத்துப்போச்சும்மா" என்றார், பல் பிடுங்கிய இடத்தைப் பற்றிச் சொல்வதுபோல. மகள் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். வேளாவேளைக்குச் சமைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வாய்விட்டுத் திட்டியிருந்தால் இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிருக்கும் என்பது என் கட்சி. அதற்குப் பதிலாக, இருக்கிற கல்லூரிகளிலேயே தூரமான ஒன்றாகப் பார்த்து அவள் இடம் வாங்கினாள். ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டும்.

கல்வி உதவித்தொகைக் கணக்கை என் மேஜையில்தான் திறந்தோம். இப்போதெல்லாம் ஆபீஸ் படியேறி விண்ணப்பம் கொடுக்கிற வேலையே இல்லை, எல்லாம் இணையதளம்தான். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில், நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர், மதிப்பெண், வருமானம் எல்லாம் வரிசையாக முடிந்தது. அடுத்து மாணவரின் கைபேசி எண்.

"உன் நம்பரைச் சொல்லும்மா" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தார். "என் நம்பரைப் போடும்மா. கேஸ், பேங்க், ஸ்கூல்னு எங்க வீட்டுல எல்லாத்துக்கும் என் நம்பர்தான்."

"அண்ணே, மாணவரோட நம்பர்னு கேக்குது."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா."

மகள் அவரைப் பார்த்தாள். எந்த அவசரத்துக்கும் எடுக்கப்படாத நம்பர் அது என்று எனக்கு அந்தப் பார்வையில் தோன்றியது. ஆனால் அவள் சொன்னது "போடுங்கக்கா" மட்டும்தான். போட்டேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. அந்த இணையதளத்துக்குள் அவள் நுழையும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி என்று ஆறு எண் வரும். வருவது இங்கே, என் தட்டில் கிடக்கும் போனுக்கு. வருகைச் சான்றிதழ் ஏற்றவேண்டுமா, ஓடிபி. மதிப்பெண் பட்டியலா, ஓடிபி. 'இந்தப் பருவமும் படிப்பைத் தொடர்கிறேன்' என்று உறுதி சொல்லவேண்டுமா, அதற்கும் ஓடிபி. கொஞ்சம் யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தத் தளம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். வந்த எண்ணுக்கும் கொஞ்ச நேரம்தான் உயிர். அது காலாவதியானால் அடுத்தது கேட்கப் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும்.

முதல் தடவை அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு அண்ணன் திகைத்து நின்றார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேம்மா?"

"உங்க பொண்ணுக்குச் சொல்லலாம்ணே. அதுக்கெல்லாம் போலீஸ் வராது."

அவள் கூப்பிடுவாள், நான் எடுப்பேன், மணியை அழுத்துவேன். அடுத்த நிமிடமே கனத்த கதவு திறந்து, புருவத்தில் பனியோடு மனிதர் மூச்சு வாங்க வந்து நிற்பார். பெட்டி தூக்கும்போது அவரிடம் இல்லாத வேகம் அது. கையுறையைக் கழற்றி, மரத்த விரலால் திரையை நாலு தடவை குத்தி, செய்தியைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போடுவார். அதனால் இரண்டு பக்கமும் என் காதில் விழும். நானாக ஒட்டுக் கேட்டதில்லை.

"ஏழு."

"ஏழு."

"ரெண்டு."

"ரெண்டு."

ஆறும் முடிந்ததும், "வந்துச்சா?" என்பார். "வந்துடுச்சுப்பா." "சரி." "வெக்கிறேன்ப்பா." முடிந்தது. அப்பனும் மகளும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும்கூட அவள் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை அவர் துணிந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று சேர்த்தார். "ம்" என்றாள். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அவர் பெட்டி அடுக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நானே படிச்சுச் சொல்லிடறேன்ணே, நீங்க எதுக்கு ஓடி வரணும்?" என்றேன். "நீ மணியை மட்டும் அடிம்மா" என்று முடித்துவிட்டார். சரி, அவள் நம்பருக்கே மாற்றித் தருகிறேன், ஒரு நிமிட வேலை என்றேன். பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் பார்க்கலாம் என்றார். இரண்டு பருவம் இப்படியே ஓடியது. அவளிடமும் ஒரு தடவை சொன்னேன். "அப்பாகிட்ட கேட்டுக்கறேன்கா" என்றாள். எதற்கும் கேட்காதவள் இதற்கு மட்டும் எங்கே கேட்கப்போகிறாள்?

ஒரு நாள் சத்தம் போட்டேவிட்டேன். "அந்தப் பொண்ணு பரீட்சை நேரத்துல உங்க கதவு எப்ப திறக்கும்னு காத்துக் கிடக்கணுமா? என்ன பிடிவாதம்ணே இது?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதையும் மாத்திட்டா அவ எதுக்கும்மா கூப்பிடுவா?"

அன்றிலிருந்து அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

எடுத்திருக்கவேண்டுமோ என்னவோ. இந்தப் பருவம் உறுதி சொல்லக் கடைசி நாளன்று மூன்று லாரி மீன் ஒன்றாக வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். மணியை அழுத்தினேன். அண்ணன் ஓடித்தான் வந்தார். ஆனால் உள்குளிரிலிருந்து வெளிவெக்கைக்கு வந்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை மூடியிருந்தது. துடைக்க நேரமில்லை என்று அப்படியே படித்தார். எட்டை மூன்று என்றார். தப்பு என்று தளம் சொன்னது. மறுபடி படித்தார், பதற்றத்தில் ஓர் எண்ணை விட்டுவிட்டார். நான் போனைப் பிடுங்கப் போனேன், தரவில்லை. மூன்றாவது தடவையும் தப்பானதும் கணக்கு பூட்டிக்கொண்டது. நாளை முயலவும் என்று வந்தது. நாளைக்கு இவர்கள் திறந்து என்ன பயன்? கடைசி நாள் இன்றைக்கே முடிகிறதே.

"பரவாயில்லப்பா" என்றாள் மகள். திட்டவே இல்லை. வைத்துவிட்டாள்.

அவர் போனைத் தட்டில் வைத்துவிட்டு லாரியைப் பார்க்கப் போனார். முகத்தில் ஒன்றுமில்லை. இறக்கி முடித்து, எல்லோரும் கிளம்பிய பிறகும் கோட்டோடு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

பணம் நின்றுபோனது. அவள் கல்லூரி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, யார் யாரையோ பார்த்து, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தாள். இதெல்லாம் தோழி ஒருத்தி மகளின் போனிலிருந்து கூப்பிட்டு என்னிடம் சொன்னதுதான். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று மகள் சொன்னாளாம். நான் சொன்னேன். கடைசியில் கல்லூரி அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு தடவை மட்டும்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் போன் அடித்தது. "அக்கா, அப்பாவைக் கூப்பிடறீங்களா?" மணியை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். செய்தி முன்பே வந்திருந்தது. வழக்கமான செய்தி இல்லை. கணக்கில் பதிவான கைபேசி எண்ணை மாற்றுவதற்கான ஓடிபி என்று எழுதியிருந்தது.

அண்ணன் வந்தார். இந்தத் தடவை முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்தியைத் திறந்து, உதடு அசைய, முழுதையும் படித்தார். எண்களைச் சொல்லவில்லை.

"அப்பா? இனிமே நீங்க இப்படி ஓடி வர வேண்டாம்ப்பா" என்றாள் மகள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை, பாசமாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

"ஓடி வர்றதுல எனக்கொண்ணும் கஷ்டமில்லம்மா."

"டைம் போகுதுப்பா. நம்பரைச் சொல்லுங்க."

"அன்னிக்குத்தான் ஓடி வரலை" என்றார் அவர்.

நான் எழுந்து போயிருக்கவேண்டும். கால் நகரவில்லை. அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டிலிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. சற்றுப் பொறுத்து அவள்தான் பேசினாள்.

"எக்ஸ்பயர் ஆயிடுச்சுப்பா. அடுத்தது வரப் பத்து நிமிஷம் ஆகும்."

"இருக்கேன்மா."

வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுவாள். அன்று வைக்கவில்லை. அவள் அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. இங்கே எங்கள் கம்ப்ரஸர் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"நான் எத்தனை தடவை அடிச்சேன்னு தெரியுமாப்பா?" என்றாள்.

"தெரியும்மா. எல்லாத்தையும் பார்த்தேன்."

"ஏன் எடுக்கலை?"

"உள்ளே இருந்தேன்மா."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு."

"கேளும்மா. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

அவள் கேட்கவில்லை. அழுதாளா என்றும் எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு தடவை கேட்டது, ஜலதோஷமாகவும் இருக்கலாம். அண்ணனின் முகம் எப்போதும்போல்தான் இருந்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் முன்னால் குனிந்து நின்றார். உள்ளேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்து ஏதோ கத்தவந்தார். நான் விட்ட முறைப்பில் கதவைச் சாத்திக்கொண்டார்.

செய்தி வந்த சத்தம் கேட்டது. அண்ணன் படித்தார். நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, அவள் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். ஒரு தப்பு இல்லை.

"வந்துச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"சரி."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பிறகு அவர்தான், "படிக்கிற வேலையைப் பாரும்மா" என்று சொல்லி, அந்த மரத்த விரலால் தேடிப்பிடித்து அழைப்பைத் துண்டித்தார். அவர் முதலில் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடனே இன்னொரு செய்தி வந்தது. இந்த எண் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று. அதையும் படித்தார். போனை எடுத்து மற்றவர்களின் போன்களோடு தட்டில் வைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினார்.

எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது இத்தனை நாள் சொல்லிப் பழகியதுதான். "ஓடிபி வந்தா மணி அடிக்கறேன்ணே."

"இனிமே வராதும்மா" என்றார். உள்ளே போனார்.