மூன்று பவுண்டு குற்றம்

போன புதன்கிழமை காலை ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் சுலோசனா. அத்திப்பள்ளி தாண்டியதும் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ஓர் இட்லியை நீட்டினேன். பாம்பை நீட்டியதுபோல் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வேணாம் அத்தை. இன்னைக்கு எனக்கு எடை போடறாங்க."

எடையா? புளிக்கும் வெல்லத்துக்கும் எடை போடுவார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்கு எடை?

சுலோசனாவை உங்களுக்குத் தெரியாது. ராயக்கோட்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் கோவிந்தப்பனின் மகள். பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இங்கிலீஷ் — நாலிலும் சண்டை போடுவாள். இரண்டு வருஷமாக ஆகாய விமானத்தில் ஏர்ஹோஸ்டஸ். விமானம் ஏறாத வாசகர்களுக்காக (நானும் அந்தக் கூட்டம்தான்) சொல்கிறேன்: கிளம்பும்போது மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் கொடுக்க வேண்டும். விமானம் ஆட்டம் போட்டால் வாந்திப் பை பிடிக்க வேண்டும். எது நடந்தாலும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டமாம்.

சரி, நடுவில் நான் எதற்கு? கோவிந்தப்பன்தான் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, நீங்க ஒருக்கா கூடப் போயிட்டு வந்துடுங்க. வயசுப் பொண்ணு... தனியா பஸ்ஸுல அனுப்ப மனசு வரலீங்க."

மகள் பம்பாய் வரை ஆகாயத்தில் தனியாகப் போகலாம். இருபத்தைந்து மைல் பஸ்ஸில் போகக் கூடாது! அப்பாக்களின் நியாயமே தனி.

பஸ்ஸில்தான் முழுக் கதையும் வந்தது. ஏர்ஹோஸ்டஸ்களை மாதம் ஒரு முறை மேனேஜர் முன்னால் தராசில் நிறுத்துவார்களாம். உயரத்துக்கு இத்தனை பவுண்டு என்று ஒரு அட்டவணை. தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை வேலை கிடையாது. போன மாதம் லீவில் வந்தவளுக்கு அவள் அம்மா மாம்பழமும் நெய்யுமாகப் பாசத்தைக் காட்டியிருக்கிறாள். மூன்று பவுண்டு கூடிவிட்டது. முதல் எச்சரிக்கையும் வாங்கியாகிவிட்டது. நம் கணக்கில் ஒரு வீசை. கத்தரிக்காய் வாங்கினால் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வரும், அவ்வளவுதான்.

"குறைஞ்சிருக்கா?" என்றேன்.

"நேத்து நம்ம மண்டித் தராசுல ஏறிப் பார்த்தேன். ஒரு பொட்டுகூடக் குறையல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேலை போச்சுன்னா வேப்பனப்பள்ளியில மாப்பிள்ளை ரெடியா இருக்காராம். நைனா நாள் பார்த்து வெச்சிருக்காரு. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குது அத்தை."

நான் இட்லியை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் இறங்கவில்லை.

விமான நிலைய வாசலில் ஜோசப் காத்திருந்தார். அதே விமானங்களில் அதே வேலை செய்யும் ஆண்; அவர்களை ஸ்டூவர்ட் என்பார்களாம். தொழிலாளர் யூனியன் செயலாளர். ஆள் நல்ல பருமன். அவரையோ மற்ற ஆண்களையோ யாரும் எடை போடுவதில்லை என்று அவரே சொன்னார்.

"மொதல்ல நாங்களும் சிரிச்சோம்மா. பொம்பளைங்க சமாச்சாரம்னு விட்டுட்டோம். போன மீட்டிங்ல இந்தப் பொண்ணு எழுந்து நின்னுச்சு. 'உங்களுக்கு டியூட்டி நேரம் நீண்டா அது யூனியன் பிரச்சினை, எனக்கு வேலையே போனா அது சமையலறைப் பிரச்சினையா'ன்னு கேட்டுச்சு. அப்புறம் ஒருத்தரும் சிரிக்கல."

அதனால்தான் அன்றைக்குக் கையில் மனுவோடு வந்திருந்தார். எடை போடும்போது யூனியன் ஆள் கூட நிற்பார் என்று முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அவர்கள் பின்னாலேயே நானும் உள்ளே போனேன். பயணிகளின் பெட்டிகளை நிறுக்கும் பெரிய முள் தராசு. அதன் பக்கத்தில் மேனேஜர், அட்டவணையோடு. மனிதர் கெட்டவர் இல்லை. சட்டத்தைச் சட்டமாகப் பார்க்கிறவர். "ஏறு" என்றார்.

சுலோசனா ஏறவில்லை.

"சார், மண்டியில வெறுந்தராசு காட்டாம மூட்டை ஏத்த மாட்டோம். அப்புறம் எடை தெரிஞ்ச கல்லு ஒண்ணு வெச்சுக் காட்டணும். குடியானவன் சரின்னு சொன்னாத்தான் நிறுப்போம். ஒரு மூட்டை தக்காளிக்கே அந்த மரியாதை இருக்குது."

வெறுந்தராசைப் பார்த்தோம். முள் பூஜ்யத்தில் நின்றது. எடை தெரிந்த கல்? ஆபீஸில் ஏது?

"என் எடை எனக்குத் தெரியும்" என்றார் மேனேஜர், கொஞ்சம் பெருமையாகவே. "காலேஜில் டென்னிஸ் ஆடின நாளிலிருந்து நூற்று அறுபது பவுண்டு. கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை."

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினார்.

முள் நூற்று அறுபதைத் தாண்டியது. நூற்று எழுபத்தைந்தையும் தாண்டியது. நூற்றுத் தொண்ணூறில் போய்த்தான் நின்றது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்தத் தராசு சரியில்லை!"

ஜோசப் இதற்காகவே பிறந்தவர் மாதிரி பேனாவை எடுத்தார். "அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார். போன மாச எடையும் ரத்து."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பெண் பிழைத்தாள், கிளம்பலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன்.

சுலோசனா போய்த் தராசில் ஏறினாள். முள் நின்ற இடத்தைக் காட்டினாள்.

"தராசு சரியாத்தான் இருக்குதுங்க சார். நேத்து எங்க மண்டியில காட்டினதும் இதேதான்."

ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டார். 'கெடுத்தாயே பாவிப் பெண்ணே' என்று நான் வாய்க்குள் சொன்னேன்.

"தராசு மேல பொய்ப் பழி போட்டு எனக்கு வேலை வேணாம். நான் மூணு பவுண்டு கூடத்தான். இந்த மூணு பவுண்டோடதான் மாசம் பூரா பறந்தேன். எந்த விமானம் கிளம்பாம நின்னுச்சு? எந்தப் பயணிக்குக் காப்பி ஆறிப்போச்சு? நீங்க முப்பது பவுண்டு கூட இருக்கீங்க சார். ஆபீஸ் நல்லாத்தானே நடக்குது?"

குரல் உயரவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பொய்யோடு தப்பித்து ஓடப் பார்த்த என் மேல் வெட்கமாகவும் இருந்தது.

மேனேஜர் கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். "நாளைக்கு டியூட்டிக்கு வா" என்றார் கடைசியில்.

"அவளுக்கு மட்டும் போதாது சார்" என்று ஜோசப் மனுவை நீட்டினார். நிறுத்தால் எல்லாரையும் நிறுங்கள், இல்லாவிட்டால் யாரையும் நிறுக்காதீர்கள். உடம்பு வேலைக்குத் தகுதியா என்று டாக்டர் சொல்லட்டும், அட்டவணை வேண்டாம். இவ்வளவுதான் அதில். மேனேஜர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தலைமை ஆபீஸிலிருந்து பதில் வரும்வரை இங்கே எடை கிடையாது என்றும் ஓரத்தில் எழுதினார்.

பதில் எப்படி வருமோ? தெரியாது. அங்கே இருக்கிறவர்களும் இதே மாதிரி அட்டவணையைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

அதனால் யூனியன்காரர்களுக்கு என்னாலான யோசனை ஒன்று — சட்டம் போடுகிறவரை முதலில் தராசில் ஏற்றிப் பாருங்கள்... பாதிச் சட்டம் அன்றைக்கே இளைத்துவிடும்!