யூனிட் வரலாற்றுக்கு நாலு பக்கம்

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம், சாரல் காலத்தில் எனக்கு முப்பது நாள் லீவு கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில் மேஜர் கூப்பிட்டனுப்பினார். நான் ராணுவத்தில் சிக்னல் பிரிவு ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எங்கள் யூனிட்டின் வரலாற்றை எழுதுகிற வேலையும் சில மாதங்களாக என் தலையில் விழுந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் யூனிட் தொடங்கியது, பர்மாக் காட்டில் கோவேறு கழுதைகளின் முதுகில் கம்பிச் சுருளை ஏற்றிக்கொண்டு போனது, ஆற்றுக்குக் குறுக்கே லைன் இழுத்தது என்று பழைய காகிதங்களைப் பார்த்து எழுதி முடித்திருந்தேன். கடைசிச் சண்டை மட்டும் பாக்கி.

முன்னணியில் நின்ற காலாட்படைக் கம்பெனிக்குப் போன லைனைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்றார் மேஜர். அதைச் சரிசெய்யப் போன லைன்மேன் என் ஜில்லாக்காரராம். பனியில் கால்விரல் போய், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். ஊருக்குப் போகிற நீயே அவரைக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் அச்சன்புதூர் விலாசம் இருந்தது.

அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய குரல் எனக்குத் தெரியும்.

ஆறு நாள் ரயிலில் கிடந்து தென்காசியில் இறங்கி, இலஞ்சியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் தூங்கினேன். எழுந்து சாப்பிட்டு மறுபடியும் தூங்கினேன். வலது காதில் ஒரு ரீங்காரம் நிற்காமல் இருந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூடக் கை தானாகப் போனைத் தேடும். நாலாம் நாள் என் மனைவியிடம் அச்சன்புதூர் விஷயத்தைச் சொன்னேன்.

"லீவுல வந்த மனுஷனுக்கு அங்கன என்ன சோலி?"

"ஆபீஸ் சோலிதான்."

"அப்பம் இது லீவு இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள்.

இன்று, நாளை என்று மேலும் நாலு நாள் தள்ளினேன். பிறகு ஒருநாள் பஸ் ஏறினேன். அச்சன்புதூரில் அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். லைன்மேனின் மனைவி. என் தலைமுடி வெட்டைப் பார்த்ததுமே கேட்டாள்.

"மிலிட்டரியா? அவுகள திரும்பக் கூப்புடுதாகளா?"

"இல்லம்மா. ஒரு விவரம் கேக்கணும், அவ்வளவுதான்."

அவள் கை மறுபடியும் சுளகை அசைத்தது. "அவுக குத்தாலத்துல இருக்காக. சீசனுக்கு எங்கண்ணன் பழக்கடையப் பாத்துக்கிடுதாக. காலு மரத்துப்போகுதுன்னு வயல்ல இறங்குததில்ல."

வந்த வழியே திரும்பிக் குற்றாலத்துக்கு இன்னொரு பஸ். எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத்துண்டுகளுமாக ஜனங்கள் அருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கடைத்தெருவில் அவர் மனைவி அடையாளம் சொன்ன மூன்றாவது பழக்கடையில், என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர் குனிந்து மங்குஸ்தான் பழங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பழம் நல்லா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முகம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை போலும்.

"இன்னொரு தடவ சொல்லும்" என்றார்.

சொன்னேன்.

"எக்ஸ்சேஞ்சுதான நீரு?"

ஆமாம் என்றேன். யூனிட் வரலாற்றுக்கு எழுதிவர மேஜர் அனுப்பியதையும் சொன்னேன். கடைக்குப் பின்னால் இரண்டு மரப்பெட்டிகளைப் போட்டு உட்காரச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். வலது காலில் மூன்று விரல் இல்லை.

அந்த மலையில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடாரத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து மேலே இருந்த கம்பெனிக்கு ஒரு கம்பி போயிற்று. அது அறுந்தால், தேடிப் போய் முடிச்சுப் போடுவது லைன்மேனின் வேலை. போகிற வழியில் கையிலிருக்கும் போனைக் கம்பியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவார்கள். பதில் கேட்டால் அதுவரைக்கும் கம்பி சரி, அறுந்த இடம் இன்னும் மேலே. அன்று மத்தியானம் லைன் செத்தது. தள்ளி வேறு முகாமில் இருந்த லைன்மேன்களுக்குப் போனில் உத்தரவை நான்தான் சொன்னேன். இவரும் ஒரு வடக்கத்தி ஜவானும் கிளம்பினார்கள். முதல் தடவை கூப்பிட்டார்கள், சரி என்றேன். அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மேலே இருந்த கம்பெனி வேறு வழியாக இறங்கத் தொடங்கிவிட்டது. இனி அந்த லைன் யாருக்கும் வேண்டாம். லைன்மேன்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று அதிகாரியைக் கேட்டேன். இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தவர், இரு என்று கையைக் காட்டினார். அப்போது இரண்டாம் தடவை மணி அடித்தது. "இதுவரைக்கும் சரியா இருக்கு. மேல போறோம்" என்றது குரல். உத்தரவில்லாமல் திரும்பி வா என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சரி என்றேன். பொழுது சாய்வதற்குள் எங்களையும் பின்வாங்கச் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சைக் கழற்றி லாரியில் ஏற்றினோம்.

"அண்ணாச்சி, ரெண்டாவது தடவை நீங்க கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும், மேல ஆளு இல்லன்னு" என்றேன்.

அதற்குள் பழம் கேட்டு ஒருவர் வந்துவிட்டார். அவரைக் கவனித்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரின்னு சொல்லுததுக்கு அவ்வளவு நேரம் எடுத்தீரே. ஏதோ இருக்குன்னு அப்பமே நெனச்சேன்."

"அப்ப கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீரு?"

யோசித்தேன். "இருங்க, விசாரிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. அந்தக் குளிர்ல ஒரு இடத்துல நின்னா வெறச்சுப் போயிருப்போம். நடக்கதுதான் நல்லதுன்னு நடந்தோம்." காலைத் தேய்த்துக்கொண்டார். "அறுந்த இடத்தக் கண்டுபிடிச்சு முடிச்சும் போட்டோம். மேல கூப்பிட்டா எடுக்கல. கீழ கூப்பிட்டேன். உம்ம குரலும் இல்ல."

அந்நேரம் நாங்கள் லாரியில் இறங்கிக்கொண்டிருந்திருப்போம். அவர் தொடர்ந்தார்.

"இறங்கி வரும்போது கூட வந்தவன் உக்காந்துட்டான். அஞ்சு நிமிஷம்னான். எனக்கும் முடியல, பக்கத்துல உக்காந்தேன். எனக்கு முழிப்பு வந்துச்சு. அவனுக்கு வரல."

சட்டைப் பையில் இருந்த நோட்டை நான் எடுக்கவே இல்லை. ஆனால் அவர் அதைத்தான் பார்த்தார்.

"உக்காந்தான்னு எழுதாதேயும். வேல செஞ்சுக்கிட்டு இருக்கும்போதுன்னு எழுதும். அவன் வீட்டுல யாருக்காவது படிச்சுக் காட்டுவாங்க. என்னப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கிடும்."

கிளம்பும்போது பத்துப் பதினைந்து பழத்தைத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் என் மனைவி பழத்தை உடைத்துப் பிள்ளைக்கு ஊட்டும்போது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, "இன்னும் எத்தன நாள் இருக்கு லீவு?" என்று கேட்டாள். ரயில் நாளைக் கழித்து எண்ணிச் சொன்னேன்.

நாலு பக்கத்தை இலஞ்சியிலேயே எழுதினேன். அந்த ஜவானைப் பற்றி அவர் சொன்னபடியே எழுதினேன். வயர்லெஸ் செய்தியையும், நான் சரி என்றதையும் நடந்தபடி எழுதினேன். மேஜர் படித்துவிட்டு, இதெல்லாம் வரலாற்றில் வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லி, சிவப்புப் பென்சிலால் நான் வருகிற பகுதி முழுவதையும் அடித்தார். நான் வாதாடவில்லை. சல்யூட் அடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். புத்தகம் அச்சாகி வந்தபோது அந்த லைனுக்கு ஒரே ஒரு பத்தி இருந்தது. கடுங்குளிரிலும் கடைசிவரை தொடர்பைக் காத்தார்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே இறந்தவனின் பெயர்.

அடுத்த லீவில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அச்சன்புதூருக்குப் போனேன். சீசன் முடிந்திருந்தது, வீட்டில் இருந்தார். பக்கத்தைப் புரட்டி அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"எழுத்துப் பிழ இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி."

புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். அவருடைய மனைவி எழுப்பியபோது இலஞ்சி பக்கம் போகிற கடைசி பஸ்ஸுக்குக் கால்மணி நேரம்தான் இருந்தது.