மைதா படாத கல்

மாவு பறக்கும் வீட்டில் பிறந்தவள் நான். காலையில் கண் விழித்தால் தலையணையில் வெள்ளை, தண்ணீர்ப் பானை மூடியில் வெள்ளை, காலண்டரில் நிற்கும் முருகனின் வேல் நுனியிலும் வெள்ளை. மலையடிவாரக் காரவள்ளியில் மலைச்சாலை முதல் வளைவைத் தேடித் திரும்புகிற இடத்தில், பஸ்கள் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு மேலே ஏறத் தைரியம் சேர்க்கிற இடத்தில், அப்பாவின் பரோட்டாக் கடை இருந்தது. கடையின் பின்சுவர்தான் எங்கள் வீட்டின் முன்சுவர்.

அப்பா மாவு வீசுவதைப் பார்க்க வேண்டும். உருண்டை முதலில் உள்ளங்கை அகலம், அடுத்த வீச்சில் தட்டு அகலம், அதற்கடுத்து ஒரு சின்னப் பெண்ணின் பாவாடை அகலம். காற்று அதற்குள் புகுந்து புறப்படும். அப்பா வீசிய மாவின் வழியே எதிரே நிற்கும் லாரியின் நம்பரைப் படிக்கலாம் என்பார் மாமன். மாமன் என்றால் அம்மாவின் தம்பி, கடையில் இலை போடுகிறவர், எடுக்கிறவர், இரண்டுக்கும் நடுவே வாயாடுகிறவர். மலைமேல் திருப்புலி நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்குகிறவர்கள், சந்தைக்குப் போகிற அவசரத்திலும் எங்கள் கடையில் இரண்டு பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்தப் பரோட்டா மாஸ்டரின் ஒரே மகளுக்குப் பரோட்டா ஆகாது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. என் வயிறு பானையாகவும் கால்கள் அவரைப் பந்தலுக்கு நட்ட குச்சிகளாகவும் ஆகிக்கொண்டிருந்தன. தின்றது எதுவும் உடம்பில் தங்கவில்லை. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கடைசியில் சேலத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டு, பல நாள் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, ஆயுசுக்கும் தரக் கூடாது என்றாராம். "மைதாவுமுங்களா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். மைதா என்பது கோதுமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வதுதானே என்றாராம் டாக்டர். பிறகு, நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று விசாரித்தாராம். அப்பா சொன்னாராம். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகும் நான் தேறவில்லை. காரணம் அம்மாவின் பாசம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ரவைக் கஞ்சி கொடுப்பதுதானே வழக்கம். அவள் வேளை தவறாமல் காய்ச்சி, ஊதி ஊதிப் புகட்டினாள். அப்பாதான் ஒருநாள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"ரவையும் அதே கோதுமதான் புள்ள."

"அது வெள்ளையா இருக்குதுங்களே. கோதும செவப்பால்ல இருக்கும்?"

அன்றைக்கு அம்மா அழுத அழுகையில் கஞ்சி ஆறிப்போனது. அதோடு ரவையும் சேமியாவும் எங்கள் வீட்டை விட்டுப் போயின. கடைத் தூள் பெருங்காயத்தில்கூட மாவு கலப்பார்கள் என்று அப்பாவுக்கு யாரோ சொல்ல, ரசமும் பெருங்காயத்தை மறந்தது. மாமன் மேலே ஏறிப்போய்ச் சாமையும் கேழ்வரகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சுமந்து வந்தார்.

அப்பா நாமக்கல் போய் ஒரு சின்ன இரும்புத் தோசைக்கல் வாங்கி வந்தார். வீட்டுச் சமையல்கட்டில் ஆணியடித்து, துணி சுற்றி மாட்டினார். "இது பாப்பா கல்லு. இதுல மைதா பட்டுதுன்னா அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன் மாப்ளே."

"நான் தொட்டாலுமுங்களா மச்சான்?"

"நீ அந்தப் பக்கம் பாத்தீனாலே."

எனக்கென்று ஒரு கல். பள்ளிக்கூடத்தில் யாருக்கு இருக்கிறது? சிலேட்டுகூட அண்ணன் வைத்திருந்ததைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்கள். ரீசஸ் மணியில் பிள்ளைகள் பன்னைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் நீட்டும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன்: "எனக்குத் தனிக் கல்லு இருக்குது." பன் பிறகு யாருக்கும் அவ்வளவு ருசிக்காது.

அந்தக் கல்லில் அப்பா எனக்காகப் பரோட்டா போடப் பார்த்தார். சாமை மாவும் கிழங்கு மாவும் சேர்த்துப் பிசைந்து, ஊற வைத்து, எண்ணெய் தடவி, தோளுக்கு மேலே தூக்கி ஒரு வீச்சு. நடுவானில் அது மூன்றாகக் கிழிந்து, ஒன்று அம்மாவின் தலையில் விழுந்தது. லாரி நம்பர் காட்டுகிற கை அது. திரும்பப் பிசைந்தார், திரும்பக் கிழிந்தது. நான் சிரித்து உருண்டேன். அப்பாவும் சிரித்தார். கிழிந்த துண்டுகளை அப்படியே கல்லில் போட்டு, வெங்காயம் தூவி, முறுகலாக எடுத்துக் கொடுத்தார். அதற்குக் கிழிசல் என்று பெயர் வைத்தார். கிழிசல் கிடைக்கிற வீடு காரவள்ளியில் ஒன்றுதான் என்பதில் எனக்கிருந்த திமிரை இன்றைக்கு நினைத்தாலும் கழுத்து நிமிர்கிறது.

அப்பாவைப் பற்றி அளக்க என்னிடம் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவர் மாவுப் பலகையையும் பெரிய கல்லையும் கடைக்குள்ளிருந்து எடுத்து, ரோட்டோரத்தில் தகரம் போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வெயிலோ மழையோ அங்கேதான் வீச்சு. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தன் வித்தையைக் காட்டத்தான் என்று நான் நினைத்தேன். எங்கப்பா வீசினா பஸ்ஸே நின்னு பாக்கும் என்றேன் பள்ளிக்கூடத்தில். இன்னொன்று, அவரைப் போலச் சுத்தக்காரர் ஊரில் இல்லை. நான் பள்ளி விட்டு ஓடிவந்தால் போலீஸைப் பார்த்தவர்போல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார். "கிட்ட வராத சாமி, அப்பா அழுக்கு." அடிபம்பில் குளித்துவிட்டு, தனிப் பெட்டியில் மடித்து வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவார். அதற்குப் பிறகுதான் நான் அவர் தோளுக்கு ஏறலாம்.

ஒரு வருடம் பெருமழையில் மலைச்சாலையின் ஓரம் சரிந்தது. சுவர் கட்ட ஒரு கான்ட்ராக்டர் வந்தார். வேலை முடியும்வரை அவருடைய ஆட்கள் எல்லாருக்கும் ராச்சாப்பாடு ஒரே கடையில். அது எந்தக் கடை என்பதுதான் கேள்வி. மழையில் பஸ் ஓடாமல் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். அம்மா கடை பெஞ்சைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மாமன் சட்டைப் பித்தானை எல்லாம் போட்டிருந்தார். நான் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு.

கான்ட்ராக்டர் இரண்டு பேரோடு வந்து உட்கார்ந்தார். தகரத்துக்கடியில் அப்பா வீசினார். அப்படி ஒரு வீச்சை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாமன் சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தார். கான்ட்ராக்டர் பேசாமல் தின்றார். அதுவே பெரிய பாராட்டு என்று கதவிடுக்கில் எனக்குப் புரிந்தது. அந்தப் பெருமை தாங்காமல் கையில் கிழிசல் தட்டோடு நான் வெளியே வந்துவிட்டேன்.

"ஏம் பாப்பா, நீயி மாஸ்டர் புள்ளையா?"

தலையாட்டினேன்.

"பரோட்டாக் கடைப் புள்ள, என்னமோ கெழங்கத் தின்னுட்டு நிக்கற? உங்கப்பன் உனக்குப் பரோட்டா போட மாட்டானா?"

மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கான்ட்ராக்டர் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சொந்தப் புள்ளைக்கே குடுக்காத சாமானு. நம்ம ஆளுக வயித்துக்கு என்னத்தப் போடுவாங்களோ." அவர்களும் சிரித்தார்கள். அவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஒரு வாய் தின்னு காட்டு கண்ணு. கான்ட்ராக்ட் உங்கப்பனுக்குத்தான்."

விளையாட்டாகத்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு அது விளையாட்டாக இல்லை. தகரத்தடியில் அப்பா வீசிக்கொண்டிருந்தார், இங்கே நடப்பது தெரியாமல். எங்கப்பாவின் பேர் என் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறது என்று தோன்றியது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன்.

மெத்தென்றிருந்தது. இதழ் இதழாக விட்டுக் கொடுத்தது. இவ்வளவு நல்லதையா அப்பா செய்கிறார் என்று கண்ணை மூடினேன்.

மாமன் கத்தியிருக்க வேண்டும். கண் திறந்தபோது அப்பா என் முன்னால் நின்றார். என் வாய்க்குள் கைவிட்டு எடுக்கப் பாய்ந்த கை, உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நின்றது. முழங்கைவரை மைதா. அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"துப்பு சாமி."

நான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கான்ட்ராக்டரைப் பார்த்தேன்.

"அவரப் பாக்காத. கான்ட்ராக்டு போனாப் போகுது. என்னப் பாத்துத் துப்பு."

துப்பினேன். அது போய் விழுந்த இடம் கான்ட்ராக்டரின் செருப்புக்குப் பக்கம். அம்மா தண்ணீரோடு ஓடி வந்து வாயைக் கொப்பளிக்க வைத்தாள்.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "எம் புள்ளைக்குக் கோதும ஆகாதுங்க. எனக்கு ஆகும், உங்களுக்கு ஆகும், இவளுக்கு ஆகாது. எம் பரோட்டா நல்ல பரோட்டா. நீங்களே தின்னு பாத்துட்டீங்க. அதுக்கு எம் புள்ளய நான் சாட்சி கூப்புட மாட்டேனுங்க."

"அதெப்படி மாஸ்டரு, ஊரே திங்கறது ஒருத்திக்கு மட்டும் ஆகாமப் போகும்?" கான்ட்ராக்டர் கை கழுவினார். கணக்கைக் கொடுத்தார். போய்விட்டார்.

மாமன்தான் முதலில் பேசினார். "ஒரு வாயில ஒரு கான்ட்ராக்டையே முழுங்கப் பாத்தியே புள்ள."

"முழுங்கலயே மாமா. துப்பிட்டேனல்ல?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க ஆட்களை ஏற்றிய லாரி எங்கள் கடையைத் தாண்டிப் போய் வேறொரு கடையில் நின்றது. ஆனால் கூலி வாங்கிய நாட்களில் அவர்களில் சிலர் தாங்களாகவே நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, "மாஸ்டரே, ரெண்டு வீசுங்க" என்றார்கள். மலைமேல் குண்டூர் நாட்டுக்காரர் ஒருவர், அந்தப் பாப்பா திங்கறதுல ஒண்ணு குடுங்க என்று கேட்டு, கிழிசலைத் தின்றுவிட்டு, எங்கூட்டுச் சாமை இப்புடி மாறுமா என்று தலையாட்டினார். நான் என் கல்லையே கடன் கொடுத்தவள்போல் நின்றேன்.

இப்போது நான் இருக்கிற நகரத்தில் அதே சாமையைப் பளபளக்கும் பையில் அடைத்து, க்ளூட்டன் என்கிற கோதுமைப் பசை இல்லாதது என்று சீட்டு ஒட்டி அடுக்குகிறார்கள். விருந்துகளில் என் வெற்றுத் தட்டைப் பார்த்து, பாவம், எப்படித்தான் சமாளிக்கிறீங்க என்பார்கள். பாவமா? என் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கல்லைக் காட்டுவேன். தேய்ந்து, கருத்து, நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு சிட்டிகை மைதா பட்டதில்லை. கிழிசல் சுட்டுக் கொடுப்பேன். இரண்டாவது கேட்காமல் போனவர்கள் குறைவு.

கான்ட்ராக்டர் போன அன்றைக்குச் சாயங்காலமும் மழை. வெளிச்சம் இருக்கும்போதே அப்பா கடையை மூடிவிட்டார். நனைந்துகொண்டே அடிபம்புக்குப் போனார். வாசற்படியிலிருந்து கேட்டேன்:

"மழையே பெய்யுதுங்களேப்பா. அப்பறம் எதுக்குக் குளிக்கறீங்க?"

"மாஸ்டருன்னா சுத்தமா இருக்கோணும் சாமி."

தலைக்குச் சோப்புப் போட்டார். புருவத்தைத் தேய்த்தார். வேப்பங்குச்சியால் நகக்கண் ஒவ்வொன்றையும் நோண்டினார். குளிரில் பல்லோடு பல் இடித்துக்கொண்டிருந்தது. நான் பொறுமையில்லாமல் இரண்டு தடவை ஓடினேன். இரண்டு தடவையும் கைகள் தலைக்கு மேலே போயின. தனிப் பெட்டி வேட்டியைக் கட்டிக்கொண்டு படியேறிய பிறகுதான் அவை இறங்கி வந்து என்னைத் தூக்கின. வீட்டுக்குள் எங்கும் வெள்ளையில்லை. தலையணை தலையணை நிறத்தில் இருந்தது. முருகனின் வேல் பளிச்சென்று இருந்தது.

மாவுத் தூசிகூட இவள் வாய்க்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை, நான் கல்யாண வயதுக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சோப்பு மணந்த ஒரு தோள் மட்டுமே. அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு வரியைத் தயார் செய்தேன். சொல்லவும் சொன்னேன், பெஞ்சு மேல் ஏறி நின்று: "எங்கப்பா மழையிலகூடக் குளிப்பாரு."