ப்ரைந்தலின் மகள் எஸ்தெரா

சான் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரில் எஞ்சிய யூதர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் தையற்காரர் ஷூலிம். மனைவி எஸ்தெரா மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், அவர் ஒரு பெயரைத் தேடி அலைந்தார்.

நோயாளிக்கான வேண்டுதலில் அவரைத் தாயின் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுவோம். கல்லறைக் கல்லிலோ தந்தை பெயர்தான் ஏறும். போர்க்காலத்தில் எஸ்தெராவை ஒளித்து வளர்த்த குடியானவருக்கு, அவள் கண்ணாடி பொருத்தும் லிஃப்ஷித்ஸின் மகள் என்பது மட்டுமே தெரியும். தாய் பெயர் தெரியாதவருக்கு எங்கள் குலத்தின் ஆதித்தாய் சாராவின் பெயரைச் சொல்வதுண்டு. எஸ்தெரா இசையவில்லை.

"சாரா எல்லாருக்கும் அம்மா. எனக்குன்னு ஒருத்தி இருந்தாளே, அவ பேர ஒரு தடவையாவது சத்தமா சொல்லுங்க."

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் யாட்விகா பெயர் அட்டவணையை மீண்டும் புரட்டினார். "லிஃப்ஷித்ஸ் பேர்ல பொண்ணே இல்ல, பெரியவரே. நீங்க தினம் வந்தா புஸ்தகம் புதுசா பெத்துப் போடுமா?"

ஷூலிம் பழைய நண்பனான என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தார்.

"உன் மாமனார் ரபி முன்னால, மத முறைப்படி மட்டும் கல்யாணம் பண்ணியிருப்பாருடா," என்றேன். "சர்க்கார்ல பதியலைன்னா பிள்ளை அம்மாவோட குடும்பப் பேர்லதான் ஏறும். நானே காகிதத்துல தகப்பன் இல்லாதவன்தான்."

"அம்மா பேரு தெரிஞ்சா உன் மூஞ்சில ஏன்டா முழிக்கிறேன்?"

"அட்டவணைய விடு. ஒவ்வொரு பதிவா படிக்கணும். அப்பன் பேரு ஓரத்துல இருக்கும்."

இருவரும் ஓடினோம்.

"முழுப் புஸ்தகமுமா? எனக்கு வேற பொழப்பு இல்லையா?" என்றார் யாட்விகா.

ஷூலிம் தொப்பியைக் கழற்றினார். "அவ மூச்சு நிக்கிறதுக்குள்ள, அம்மா."

அவர் முகத்தைப் பார்த்த யாட்விகா சன்னலைச் சாத்திவிட்டுப் படிக்கத் தொடங்கினார். ஏடுகள் நகர்ந்தன. கடைசியில் அவர் விரல் நின்றது: பெண் குழந்தை எஸ்தெரா, தாய் ப்ரைந்தல் வைஸ்ஃபெல்ட், மணமாகாதவர். ஓரத்தில், தந்தை தாமே என ஒப்புக்கொண்ட லிஃப்ஷித்ஸின் கையெழுத்து.

ஷூலிம் அங்கிருந்தே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். எஸ்தெரா கண் திறக்கவில்லை என்றார் செவிலி.

"காதுல சொல்லும்மா. ப்ரைந்தலோட மகள் எஸ்தெரான்னு."

"பிரை... என்னது?"

"ப்ரைந்தல்! ப்ரைந்தல்!"

"இருங்க, போய்ச் சொல்றேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஷூலிம் வேண்டுதலைத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். யாட்விகா எழுந்து நின்றார். பாதியில் செவிலியின் குரல் மேசையிலிருந்து மெலிதாக எழுந்தது.

"ஐயா... ஐயா, இருக்கீங்களா?"

ரிசீவரை எடுக்க என் கை நீண்டது. ஷூலிம் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்த வேண்டுதலை உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே சொல்லலாம். கண்களை மூடியபடி, ப்ரைந்தலின் மகள் எஸ்தெராவுக்காக என்று இன்னும் உரக்க, முதலிலிருந்து தொடங்கினார்.